கருவாட்டுக்கடைத் தூண்

நம் வயதுக்காரர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் முதலில் முழங்காலைப் பற்றிப் பேசுகிறோம். அப்புறம் மருமகள்களைப் பற்றி. அதற்கு மேலும் நேரமிருந்தால்தான் பழைய கதை. இன்று நான் முழங்காலையும் மருமகளையும் ஒதுக்கி வைத்துவிட்டு நேராகப் பழைய கதைக்கே வந்துவிடுகிறேன். அதுவும் ஒரு தூணைப் பற்றிய கதை. சிரிக்காதீர்கள். உங்களில் யாராவது மலைத் தோட்டத்தில் பிறந்து, ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு இறங்கியவர்களாக இருந்தால் சிரிக்கவும் மாட்டீர்கள்.

வண்டிப்பெரியாறு இன்று பஸ்ஸும் கடையுமாக நெருக்கியடித்துக் கிடக்கிறது. நான் சொல்வது, மோட்டார் பஸ் எப்போதாவது ஒன்று வந்து, அதைப் பார்ப்பதற்கென்றே ஆட்கள் ஓடிய காலம். அரிசி, பருப்பு, கருவாடு எல்லாம் கம்பத்திலிருந்து குமுளி வழியாக மாட்டுவண்டியில் ஏறி வரும். சுற்றிலும் மலைமேல் தேயிலைத் தோட்டங்கள். தோட்டத்துக்குத் தோட்டம் வரிசையாக லயங்கள். ஒரு லயத்தில் அடுத்தடுத்து அறைகள், அறைக்கொரு குடும்பம். வாரம் முழுக்கக் கொழுந்து கிள்ளிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் சந்தைக்கு இறங்குவார்கள். வாங்குவது என்னவோ உப்பும் மிளகாயும்தான். இறங்குவது ஆளைப் பார்க்க.

சந்தை, ரோட்டை விட்டு உள்ளே தள்ளி ஆற்றோரம் இருந்தது. அதன் நடுவே ஒரு பெரிய கொட்டகை. சுவர் கிடையாது. தகரக் கூரை, அதைத் தாங்கிக்கொண்டு நெருக்க நெருக்கமாக மருத மரத் தூண்கள். பகலிலும் உள்ளே இருட்டுத்தான். ஈரச் சாக்கு, புகையிலை, வெல்லம், மாட்டுச் சாணம், கருவாடு எல்லாம் கலந்து ஒரு வாசனை வரும். அந்த வாசனையை இன்று யாராவது புட்டியில் அடைத்து விற்றால் என் பேரன்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவார்கள். நான் வாங்கித் தலையணைக்கடியில் வைத்துக்கொள்வேன்.

கூரைக்காக நட்ட அந்தத் தூண்களை எங்கள் ஆட்கள் ஊர்வாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். யாரும் உத்தரவு போடவில்லை, தானாக வந்த பழக்கம். கீழே எந்தப் பக்கத்திலிருந்து மலையேறி வந்தார்களோ, அந்தப் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு தூண். சிவகிரித் தூண், தென்காசித் தூண், போடித் தூண். வாசலை ஒட்டிய தூணில் சுண்ணாம்பால் சிலுவை போட்டிருக்கும், அது வேதக்காரர்களுடையது. எங்களுடையது சங்கரன்கோவில் தூண். பக்கத்திலேயே கருவாட்டுக்கடை இருந்ததால் மற்ற ஊர்க்காரர்கள் அதைக் கருவாட்டுக்கடைத் தூண் என்பார்கள். அப்பாவுக்கு அதில் மகா கோபம். ஆனால் அவசரத்தில் அவரும் அப்படித்தான் சொல்வார்.

தோட்டம் விட்டுத் தோட்டம் போக யாருக்கும் நேரமும் கிடையாது, அனுமதியும் கிடையாது. அதனால் எல்லாச் சேதியும் தூணடியில்தான். யார் வீட்டில் பிள்ளை பிறந்தது, ஊரில் மழை பெய்ததா, யார் காய்ச்சலில் போனது எல்லாம் அங்கே தெரிந்துவிடும். சாவுச் சேதி வந்தால் அங்கேயே உட்கார்ந்து ஒப்பாரி வைப்பார்கள். பக்கத்துத் தூணில் பெண் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் கொஞ்ச நேரம் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஒரே ஊர்க்காரர்கள்தான், ஒரே தூண்தான். ஆனாலும் தூணுக்கு இந்தப் பக்கம் நிற்கிற சாதியார் அந்தப் பக்கம் போகமாட்டார்கள். மலையேறியும் அது மட்டும் கீழே இறங்கவில்லை.

எங்கள் தூணில் என் தலை உயரத்துக்கு ஒரு முண்டு புடைத்திருக்கும். எத்தனையோ பிள்ளைகளின் எண்ணெய்த் தலைகள் சாய்ந்து சாய்ந்து அந்த இடம் கறுத்து வழவழவென்று இருக்கும். அதற்கு மேலே, வெடித்த மரத்தைச் சேர்த்துப் பிடிக்க ஒரு இரும்புப் பட்டை அடித்திருந்தார்கள். நான் அந்த முண்டில் பின்தலையைத் தேய்த்துக்கொண்டு நிற்பேன். பக்கத்தில் கப்பைக்கிழங்கு, நம் மரவள்ளிதான், அவித்து விற்கும் மலையாளத்து அம்மாள் ஒருத்தி உட்கார்ந்திருப்பாள். வாழையிலைத் துண்டில் ஆவி பறக்கும் கிழங்கும் காந்தாரி மிளகாய்ச் சம்மந்தித் துவையலும் வைத்துத் தருவாள். அம்மா வாரம் தவறாமல் அவளிடம் வாங்குவாள். வாரம் தவறாமல் “துண்டு சின்னதாயிட்டே போகுது, சேச்சி” என்று சண்டையும் போடுவாள்.

உங்களுக்கெல்லாம் சின்ன வயதில் திருவிழாவுக்குக் கூட்டிப்போகும்போது வீட்டில் என்ன சொல்லி அனுப்பினார்கள்? எங்கள் பக்கத்தில் ஒன்றுதான் சொல்வார்கள். கூட்டத்தில் கைவிட்டுப் போனால் அழாதே, ஓடாதே. கோயில் மண்டபத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு நில். நாங்கள் வருகிறவரை நகராதே. சங்கரன்கோவில் ஆடித் தபசுத் திருவிழாவுக்குப் போகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் இதைச் சொல்லித்தான் நெற்றியில் திருநீறு பூசுவார்கள். அம்மாவும் சித்தியும் அப்படி வளர்ந்தவர்கள். சித்தி என்றால் அம்மாவுக்கு நேர் இளையவள். வேடிக்கை பார்த்தபடி எங்காவது போய்விடுகிறவள். அவளைத் தூணடியில் கண்டுபிடிப்பதே திருவிழாவுக்குத் திருவிழா அம்மாவின் வேலை.

இருவரும் அவரவர் புருஷனோடு ஒன்றாகத்தான் மலையேறினார்கள். நான் அப்போது பிறக்கவில்லை. அடிவாரத்திலிருந்து நடந்து வந்த கூட்டம் அந்தக் கொட்டகையில்தான் இளைப்பாறியது. ஒரே மூடுபனி, முன்னால் நிற்கிற ஆள் தெரியாது என்பாள் அம்மா. அங்கே வைத்து, ஆள் பிடித்து வந்த கங்காணிகள் இரண்டு பேர் ஆட்களைப் பிரித்தார்கள். சித்தியும் சித்தப்பாவும் வாகமண் பக்கத்துத் தோட்டத்துக்கு, அம்மாவும் அப்பாவும் இங்கேயே. பிரிப்பார்கள் என்று யாரும் முன்னாலேயே சொல்லவில்லை. சித்தி தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறாள். அம்மா அவள் கையை எடுத்து அந்த முண்டின்மேல் வைத்து, “இத நல்லாத் தடவிப் பாத்துக்க. என்னைக்கு இந்தப் பக்கம் வந்தாலும் இந்தத் தூணப் பிடிச்சுக்கிட்டு நில்லு. நகராத. தேடுதவ நீயில்ல, நான்” என்றாளாம்.

அதன் பிறகு சித்தி வரவேயில்லை. வாகமண் பக்கத்தில் அவர்களுக்கு வேறு சந்தை. இவ்வளவு தூரம் கங்காணி விடமாட்டார். நான் பிறந்து, நடந்து, சுமை தூக்குகிற வயதும் வந்துவிட்டது. அம்மா ஞாயிறு தவறாமல் தூணடியில் நின்று, வருகிற முகத்தையெல்லாம் பார்ப்பாள். எனக்குச் சித்தி என்றால் அம்மா தேடுகிற அந்தப் பார்வைதான்.

நான் சொல்ல வந்த ஆண்டு, ஆனி மாதத்து ஞாயிறு ஒன்றில், கம்பத்து வண்டிக்காரர் எங்கள் தூணுக்கு வந்தார். வாகமண் வரைக்கும் அரிசி மூட்டை ஏற்றிப்போகிறவர். மழையில் நனைந்த துண்டைப் பிழிந்துகொண்டே சொன்னார்.

“தாயி, ஓந் தங்கச்சியப் பாத்தேன். அவுக கங்காணி ஆளுகளையெல்லாம் பாலக்காட்டுப் பக்கம் நெல்லியாம்பதி மலைக்குக் கூட்டிட்டுப் போறாராம். மழை விட்டதும் கெளம்பீருவாக. ஆம்பளைக முன்னாடியே நடந்து போறாக. புரட்டாசிக் கடேசி ஞாயித்துக்கெழம அவ என் வண்டியிலதான் வாரா. இங்கன மாடு மாத்தி, சாயங்காலம்தேன் கம்பத்துக்கு எறங்குவோம். ஒன்னய நம்ம தூணுகிட்ட நிக்கச் சொன்னா.”

“நம்ம தூணுன்னா சொன்னா?” என்று அம்மா கேட்டாள்.

“ஆமா தாயி. கைக்கொழந்த ஒண்ணு இருக்கு. அதையும் தூக்கிட்டு வாரேன்னா.”

அன்று அம்மா கிழங்குக்காரியோடு சண்டை போடவில்லை. நெல்லியாம்பதி எங்கே இருக்கிறது என்று வழியெல்லாம் அப்பாவைக் கேட்டாள். அப்பாவுக்கும் தெரியாது. ரயிலேறிப் போகவேண்டும், போனவர்கள் திரும்பிவந்து பார்த்ததில்லை என்று மட்டும் தெரிந்திருந்தது. அந்த ஒரு ஞாயிறு தவறினால் அப்புறம் தங்கையைப் பார்க்கமுடியாது என்பது அம்மாவுக்கு விளங்கிவிட்டது.

இப்போது அந்தப் புதுக் கட்டடத்துக்கு வருகிறேன்.

அந்த ஆண்டு வெயில் காலத்திலேயே கொட்டகையைச் சுற்றிக் கருங்கல் சுவர் எழும்ப ஆரம்பித்திருந்தது. உள்ளே பழைய சந்தை நடந்துகொண்டிருக்கும்போதே வெளியே புதுச் சந்தை வளர்ந்துகொண்டிருந்தது. வேலையைப் பார்த்தவர் தெற்கே திருவனந்தபுரம் பக்கத்திலிருந்து வந்த ஒரு ஓவர்சீயர். கறுப்புக் குடையும் காலில் அட்டைக்கடித் தழும்புமாக நாள் முழுவதும் மழையிலேயே நிற்பார். ஆடிக் காற்று பழைய கூரையில் பாதியைப் பிய்த்து ஆற்றில் போட்டது. அடி இற்றுப்போயிருந்த ஒரு தூண் சாய்ந்து ஒரு கிழவரின் காலை முறித்தது. அப்புறம் வேலை வேகம் பிடித்தது. சுவருக்குச் சுவர் இரும்பு உத்தரங்களை ஏற்றினார்கள். பழைய தூண்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார்கள். யானை கொண்டுவந்து இழுத்தார்கள். எங்களுக்கு அது பெரிய கொண்டாட்டம்.

ஓவர்சீயர் எங்கள் ஆட்களைக் கூட்டிவைத்துப் பெருமையாகக் கையை விரித்துக் காட்டினார். “நோக்கிக்கோ. நடுவில ஒரு தூணும் இல்லா. எவிடெ நின்னாலும் எல்லாரையும் காணாம். மழைக்கு ஒரு சொட்டு விழில்லா. தலைச்சுமடோடு வந்தாலும் முட்டில்லா. இது உங்ஙளுக்கு வேண்டித்தான்!” காணாம் என்றால் அவர் பாஷையில் பார்க்கலாம் என்று அர்த்தம்.

எல்லாருக்கும் சந்தோஷம். பொய் சொல்லக் கூடாது, அம்மாவுக்கும் சந்தோஷம்தான். கூடையோடு போய்த் தூணில் இடித்துக்கொள்ளாத தோட்டக்காரி அந்தச் சந்தையில் கிடையாது. அந்த மனிதர் எங்களுக்கு நல்லதைத்தான் செய்தார். கூரை ஒழுகவில்லை, உயரத்து ஜன்னல்கள் வழியாக வெளிச்சம் வந்தது, தரையெல்லாம் சுத்தமான கல். கூலிக்காரர்களுக்கு என்று அவ்வளவு அழகாக ஒன்றை அந்த மலையில் அதுவரை யாரும் கட்டியதில்லை. நாங்கள் தூணடியில் நிற்பதை அவர் தினமும் பார்த்திருக்கிறார். மழைக்கு ஒதுங்கி நிற்கிறார்கள் என்று நினைத்திருப்பார். கேட்டிருக்கலாம். நாங்களும் சொல்லியிருக்கலாம். இதையெல்லாம் ஒரு அதிகாரியிடம் போய்ச் சொல்வது என்று எங்கள் ஆட்களுக்குத் தோன்றவே தோன்றாது.

எங்கள் தூணைப் பிடுங்கிய அன்று மாலைதான் அம்மாவுக்கு உறைத்தது. கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தவள் அப்படியே அகப்பையை வைத்துவிட்டாள்.

“இங்க பாரும், தூணு இல்லாட்டா அவ எங்கன வந்து நிப்பா?”

“தூணு போனா எடம் எங்க போகும்?” என்றார் அப்பா. “அதே எடத்துல நீ நில்லு. அவளும் அங்கனதான வருவா.”

“தூண என்ன பண்ணுவாக?”

“ஸ்டோருக்கு வெறகாப் போகும். வேற என்னத்துக்கு ஆகும்? எல்லாம் இத்துப்போனது.”

ஸ்டோர் என்றால் தேயிலை வாட்டுகிற தொழிற்சாலை. மலையில் எந்த மரம் விழுந்தாலும் கடைசியில் அதன் அடுப்புக்குத்தான் போகும். அதனால் அப்பா சொன்னதை யாரும் சந்தேகப்படவில்லை. அவரே அதைக் கண்ணால் பார்த்தவர் மாதிரிதான் சொன்னார். வண்டிக்காரரிடம் வேறு அடையாளம் சொல்லி அனுப்பலாம் என்றால், பீர்மேட்டுப் பக்கம் ரோட்டில் மண் சரிந்து கடைசி வாரம் வரை வண்டி ஒன்றும் வரவில்லை.

அப்பா விடவில்லை. புதுக் கட்டடத்துக்குள் போய், கருவாட்டுக்கடை இருந்த மூலையிலிருந்து காலால் அளந்து, இங்கேதான் என்று தரையில் சுண்ணாம்பால் ஒரு வட்டம் போட்டுவிட்டு வந்தார். திறப்பு நாளுக்கு முன்பு தரையைக் கழுவினார்கள். வட்டமும் போய்விட்டது. மறுபடி அளந்தபோது வேறு இடம் வந்தது. அப்பா அதையும் இதுதான் என்றார்.

அந்தப் புரட்டாசிக் கடைசி ஞாயிறுதான் புதுச் சந்தை திறந்த நாளும். மாவிலைத் தோரணம், பனையோலைக் குருத்து, மேளம் எல்லாம் உண்டு. மழைக் காலத்தில் விட்டு விட்டு வந்த காய்ச்சலில் இளைத்துப்போயிருந்த அம்மா, தலைக்கு எண்ணெய் வைத்து, அவளிடமிருந்த ஒரே நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு, விடிந்ததும் இறங்கிவிட்டாள். நாங்கள்தான் முதல் ஆட்களாக உள்ளே போனோம். நாங்கள் பேசியது கூரையில் பட்டுத் திரும்பி வந்தது.

அப்புறம் கூட்டம் ஏறியது. நான் என் வாழ்க்கையில் அப்படி ஒரு குழப்பத்தைப் பார்த்ததில்லை. சிவகிரியைக் காணோம். தென்காசியைக் காணோம். போடிக்காரர்கள் பாதிப்பேர் ஒரு சுவரோரமும் பாதிப்பேர் எதிர்ச் சுவரோரமுமாக நின்றுகொண்டு ஒருவரை ஒருவர் தேடினார்கள். ஒருவர் மிளகாய் மூட்டைமேல் ஏறி நின்று, “எலே, கடையநல்லூர் எங்கலே இருக்கு?” என்று கத்தினார். எங்கும் கத்தல்தான். அவ்வளவும் இரும்புக் கூரையில் மோதி ஒரே இரைச்சலாக இறங்கியது, யார் ஊரும் யார் காதிலும் விழவில்லை. பெண் பார்க்க வந்த ஒரு கூட்டம் வேறு யார் பெண்ணையோ பார்த்துத் தலையாட்டிவிட்டுப் பிறகு அடிதடிக்குப் போனது. சாதி சாதியாகப் பக்கம் பிரிந்து நின்றவர்கள் எந்தப் பக்கம் எது என்று தெரியாமல் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றார்கள். அதை நினைத்தால் எனக்கு இன்றும் கொஞ்சம் சிரிப்பு வரும்.

அம்மா மட்டும் நகரவில்லை. அப்பா காட்டிய இடத்தில் நின்றாள். சாய்ந்துகொள்ள ஒன்றுமில்லை, கூட்டம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகத் தள்ளியது. தள்ளியவர்களோடு ஒரு எட்டுப் போய், மறுபடி அதே கல்லுக்கு வந்து நிற்பாள். வழியை மறிக்காதே என்று சேவகன் ஒருவன் இரண்டு தடவை அதட்டினான். “ஏந் தங்கச்சி வாரா, அய்யா” என்றாள். அப்பா வெளியே போய்ப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி வாசல் வரை போய்ப் போய் வந்தார். கைக்குழந்தையோடு வந்த எந்தப் பெண்ணைக் கண்டாலும் நான் அம்மாவின் சேலையை இழுப்பேன். அம்மா பார்த்துவிட்டு இல்லை என்று தலையாட்டுவாள்.

“வெளிய போயி ஒரு சுத்துப் பாத்துட்டு வருவமா, அம்மா?” என்று கேட்டேன்.

“நான் நகந்த நேரத்துல அவ வந்துட்டா?” என்றாள்.

சாயங்காலம் ஜன்னல் வெளிச்சம் மங்கி, கடைகளைக் கட்டினார்கள். தரையில் வெற்றிலைக் காம்பும் வைக்கோலும்தான் மிச்சம். அம்மா அப்போதும் நின்றாள். அப்பா அவள் கையைப் பிடித்தார். ஊரார் பார்க்க அவர் அம்மாவின் கையைப் பிடித்து நான் பார்த்தது அன்றுதான். சித்தி வரவில்லை, கங்காணி தேதியை மாற்றியிருப்பார் என்று சொல்லிக்கொண்டே எங்களை மலையேற்றினார்.

அடுத்த ஞாயிறு வண்டிக்காரர் எங்களைத் தேடிக்கொண்டு வந்தார். வந்த வேகத்திலேயே கோபம்.

“என்னா தாயி இப்பிடிப் பண்ணிட்ட? அந்தப் புள்ள காலையில எறங்குனதுலருந்து வண்டி பூட்டுற வரைக்கும் தூணப் பிடிச்சுக்கிட்டே நின்னுச்சு. நான் சரக்கு எறக்கப் போயிட்டு வந்து பாத்தா, நின்ன எடத்துலயே அழுதுக்கிட்டு நிக்கிது. ஒனக்கு ஒரு எட்டு வர முடியலயா?”

“அண்ணாச்சி, நான் இங்கனதான நின்னேன்! விடிஞ்சதுலருந்து பொழுது அடைஞ்ச வரைக்கும் இதே எடத்துல நின்னேன். எந்தத் தூணு? இங்க ஏது தூணு?”

அவர் ஒரு நிமிஷம் புது மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தார். அப்புறம் எங்களைப் பாலத்தைக் கடந்து அக்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே வண்டிப்பேட்டை. பீர்மேட்டுப் பக்கத்திலிருந்து வருகிற வண்டிகள் மாடு அவிழ்க்கிற இடம். அதில் புதிதாக ஒரு கொட்டகை நின்றது. கூரையில் எங்கள் பழைய தகரம். அதைத் தாங்கிக்கொண்டு, இற்ற அடியை அறுத்துவிட்டு நட்ட எங்கள் பழைய தூண்கள். மாடுகளுக்கும் வண்டிக்காரர்களுக்கும் மழையில் ஒதுங்க இடமிருக்கட்டும் என்று ஓவர்சீயர்தான் நல்ல மரத்தை வீணாக்காமல் கட்டியிருந்தார். ரோட்டுப் பக்கம் முதலில் நின்றது எங்கள் தூண். இரும்புப் பட்டை அப்படியே இருந்தது. முண்டு மட்டும் என் நெஞ்சுக்கு இறங்கியிருந்தது.

சித்தி அந்தச் சந்தையை வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறாள், அதுவும் மூடுபனியில். வண்டியிலிருந்து இறங்கியதும் கண்ணெதிரே தகரக் கூரை, மரத் தூண்கள். கையை வைத்துத் தடவிப் பார்த்தால் அக்கா காட்டிய அதே முண்டு. அப்புறம் அவள் ஏன் நகரப்போகிறாள்? ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஒருத்தியும் அந்தப் பக்கம் ஒருத்தியுமாக, இருவரும் சின்ன வயதில் கற்றதைச் சரியாகச் செய்திருக்கிறார்கள். தூணை ஒருத்தி பிடித்துக்கொண்டாள், இடத்தை ஒருத்தி பிடித்துக்கொண்டாள். சாயங்காலம் அந்த வண்டி பாலத்தைக் கடந்து, சந்தை முனையைத் தாண்டித்தான் குமுளிக்குப் போயிருக்கும். நாங்கள் அப்போது உள்ளே நின்றுகொண்டிருந்தோம்.

அம்மா அதற்குப் பிறகு சித்தியைப் பார்க்கவேயில்லை. கதையின் முடிவில் எங்காவது சந்தித்துவிடுவார்கள் என்று நீங்கள் காத்திருக்க வேண்டாம். எழுத்துத் தெரியாத இரண்டு பெண்கள், நடுவே அத்தனை மலை. பிற்பாடு எங்கள் ஆட்கள் புதுச் சந்தைச் சுவரில் சுண்ணாம்பால் ஊருக்கொரு அடையாளம் போட்டுக்கொண்டார்கள். ஓவர்சீயர் முதலில் அழிக்கச் சொன்னார், காரணத்தைக் கேட்ட பிறகு அவரே வர்ணம் வாங்கிக் கொடுத்தார் என்பார்கள். அது எங்களுக்கு உதவவில்லை.

வண்டிக்காரர் எங்களைக் கூட்டிப்போன அன்று அம்மா தூணுக்குப் பக்கத்தில் போய் நின்றாள், தொடவில்லை. அப்போதுதான் “சேச்சி!” என்று ஒரு குரல் கேட்டது. பழைய கிழங்குக்காரி. புது மண்டபத்துக்குள் அடுப்பு மூட்டக் கூடாது என்று சொல்லிவிட்டதால் அவளும் வண்டிப்பேட்டைக்கு வந்துவிட்டிருந்தாள்.

“கழிஞ்ச ஞாயறாழ்ச என்னோட பிணக்கமோ?” என்று அவள் அம்மாவைக் கேட்டாள். “எப்பவும் போல தூணைப் பிடிச்சு நின்னீங்க. நான் விளிச்சேன், ஒரு வாக்கு மிண்டவே இல்லா. அறியாதவளைப் போல நோக்கினீங்க. குஞ்சுக்கு ஒரு துண்டு கிழங்கு கொடுத்தேன். எப்போ இன்னொரு பிள்ளை பெத்தீங்கன்னு கேட்டேன், அதுக்கும் பதில் இல்லா, சிரிச்சீங்க.”

அம்மா அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். “அது நான் இல்ல, சேச்சி” என்றாள். “அது ஏந் தங்கச்சி.”

“தெய்வமே! அதே முகம். அதே நில்ப்பு. நீங்க தான்னு ஞான் சத்தியம் செய்வேன்.”

“அப்பிடியே என்ன மாதிரியா இருந்தா?”

“அப்படியே.”

அம்மாவின் முகத்தில் ஒரு மலர்ச்சி வந்தது. அத்தனை துக்கத்துக்கு நடுவே அது எப்படி வந்தது என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. ஊரிலும் அப்படித்தான் தங்களை மாற்றிக் கூப்பிடுவார்கள் என்று கிழங்குக்காரியிடம் சொன்னாள். வண்டிக்காரரிடம் சொன்னாள். மலையேறும்போது வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் நின்று நின்று சொன்னாள். “ஏந் தங்கச்சி என்ன மாதிரியே இருக்காளாம். ஆளு தெரியலயாம்.”

லயத்துக்கு ஏறுகிற கடைசி வளைவில் அம்மா நின்றுவிட்டாள். அப்பா முன்னால் போய்விட்டார். தேயிலைச் செடிகளுக்கு நடுவே நாங்கள் இரண்டு பேர் மட்டும். கூடையை இறக்கி வைத்துவிட்டு, தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். கழுத்தெலும்பைத் தொட்டுப் பார்த்தாள். எங்கள் வீட்டில் கண்ணாடி கிடையாது.

“ஏட்டி, இங்க வா. எம் மூஞ்சிய நல்லாப் பாரு” என்றாள். “எப்பிடி இருக்கு? மறைக்காமச் சொல்லு.”

நான் பார்த்தேன். “கன்னம் உள்ள போயிருக்கும்மா. கண்ணுக்குக் கீழ கறுப்பா இருக்கு.”

“அப்புறம்?”

“கழுத்துல எலும்பு தெரியுது. முன்ன மாதிரி இல்ல.”

அம்மா என் பக்கம் குனிந்தாள். “அவ அங்கன சிரிச்சான்னு சொன்னாள்ல, அந்தச் சேச்சி?” என்று கேட்டாள். “சிரிச்சா எப்பிடி இருக்கும்? பாத்துச் சொல்லு.”

சிரித்துக் காட்டினாள். நான் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். சித்தியை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.